டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், பிறகு லினக்ஸ் போடுங்கள்

கேள்வி: அரக்கோணம் எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2018-ல் என் மகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அவள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். இப்போது நானும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் என் மகனும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆன் செய்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் பால் வாங்கி வந்தால்தான் திரை தயாராக இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது என்று வேறு அடிக்கடி ஓர் அறிவிப்பு வருகிறது.

கடைக்காரத் தம்பி, "விண்டோஸ் 11 கிராக் போட்டுத் தர்றேன், 500 ரூபாய் ஆகும்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் அக்கா மகன், "லினக்ஸ் போடுங்க மாமா, காசே இல்ல" என்று போனில் சொல்கிறான். நேரில் வர அவனுக்கு நேரமில்லை. லேப்டாப் புதிதாக வந்தபோது, ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சில வரிகள் வந்து, பத்து விநாடி நின்று, பிறகுதான் விண்டோஸ் வரும். ஒரு தடவை ஃபார்மட் செய்யக் கொடுத்தபோது, "அது வேண்டாத ஐட்டம் சார்" என்று எடுத்துவிட்டார்கள். அது என்ன என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு வேர்டில் டைப் அடிக்கவும் நெட் பார்க்கவும் தெரியும், அவ்வளவுதான். ஓய்வூதியர் சங்கத்துக்குத் தமிழில் மனு எழுதுவேன். பேங்க் வேலை, யூடியூப், பிரிண்ட் எடுப்பது உண்டு. மகள் கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாம் டி டிரைவில் இருக்கிறது. அது போய்விட்டால் வீட்டில் என்னை உயிரோடு விடமாட்டார்கள். லினக்ஸ் போடலாமா? விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளலாமா? இந்த வயதில் நானே செய்ய முடியுமா?

— ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: கறுப்புத் திரையிலிருந்தே தொடங்குகிறேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். உங்கள் அக்கா மகன் இப்போது போடச் சொல்லும் அது, உங்கள் லேப்டாப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது. கடைக்காரர் வேண்டாத ஐட்டம் என்று எடுத்தது அதைத்தான்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில்தான் தொடங்கியது. அதன்பின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு லேப்டாப் போனது. அவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அந்தச் சமயத்தில்தான், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த, தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம்மிடம் லேப்டாப் வந்தது, லினக்ஸும் வந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள்தான் போதவில்லை. பாஸ் இருந்த இடத்தைச் சினிமா வைக்க இடம் வேண்டும் என்று காலி செய்த வீடுகள் எத்தனையோ.

அந்தக் கறுப்புத் திரையின் பெயர் 'க்ரப்'. அரக்கோணத்துக்காரருக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். சென்னையிலிருந்து வரும் வண்டி உங்கள் ஜங்ஷனில் காட்பாடி பக்கம் போகலாம், திருத்தணி வழியாக ரேணிகுண்டா போகலாம், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டும் போகலாம். எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது பாயிண்ட். லேப்டாப்பில் அந்தப் பாயிண்ட் வேலையைச் செய்வது க்ரப். பத்து விநாடிக்குள் நீங்கள் எதையும் அழுத்தாவிட்டால், முன்கூட்டியே குறித்து வைத்த பாதையில் வண்டியை விட்டுவிடும்.

முதலில், லினக்ஸ் உங்களுக்கு வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. லேப்டாப் அதனால் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. பேங்க் வேலை செய்யும் கணினிக்கு இது நல்லதல்ல. நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதோடு இணைத்துப் பதிந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பணமில்லாமல் வரும் என்று அறிவித்தார்கள். அது அவகாசம் மட்டுமே.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் இருக்க வேண்டும். 2018 அரசு லேப்டாப் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைக்காரர் சொல்லும் கிராக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸைப் பூட்டு உடைத்துத் திறக்கும் ஒரு புரோகிராமுக்கு உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் பேங்க் பாஸ்வேர்டை அடிப்பது எந்த வகையிலும் லாபமில்லை.

நீங்கள் சொன்ன வேலைகளைப் பார்க்கிறேன். பேங்க், யூடியூப், ரயில் டிக்கெட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் பிரவுசரில் நடப்பவை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு. மனு எழுத லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். வேர்டு ஃபைலைத் திறக்கும், வேர்டு ஃபைலாகவே சேமிக்கும். ஆகவே உங்களுக்குச் சரிப்படும். டேலி, ஃபோட்டோஷாப் வைத்துத் தொழில் செய்பவர், வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர், கைரேகைக் கருவி வைத்து ஆதார் சேவை செய்பவர் என்றால் லினக்ஸ் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் ஜீவன் பிரமாண் உயிர்ச்சான்றை ஆண்ட்ராய்டு செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். அந்த ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய அதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். இத்தனை வருடமாக லினக்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறீர்கள்.

கல்யாணப் போட்டோ

லினக்ஸ் போடும் வேலையில் ஒரே ஓர் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் திரை அது. அதற்கு முன்னால் நூறு தப்பு செய்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு திரையில் தப்பான வரியைத் தொட்டு 'சரி' கொடுத்தால், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு, தெரு முனை மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் போட்டுத் தருவதாக வீறாப்பாக உட்கார்ந்தேன். இரவு 11 மணி, தூக்கக் கலக்கம். காலிப் பகுதி என்று நினைத்து அழித்தது, அவருடைய இரண்டு வருடக் கடன் கணக்கு. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மூன்று மாதம் நான்தான் வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து புதியவர் யார் கேட்டாலும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பழைய ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். அதன் இடத்தில் புதிதாக ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். லினக்ஸை அந்தப் புது எஸ்எஸ்டியில் ஏற்றுங்கள். விண்டோஸும் போட்டோவும் இருக்கும் டிஸ்க் பீரோவில் இருக்கும்போது, லேப்டாப்பில் நீங்கள் எந்த வரியைத் தொட்டால் என்ன? லினக்ஸ் பிடிக்கவில்லையா, பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் நேற்று இருந்தபடியே விண்டோஸ் வரும். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்புவது போல.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. உங்கள் லேப்டாப் ஊர்வதற்கு முக்கியக் காரணமே அந்த ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே தட்டு சுற்ற, ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து நகர்ந்து தேடிப் படிக்கும் இயந்திரம் அது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. லினக்ஸ் போட்ட பிறகு லேப்டாப் பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர், எஸ்எஸ்டிக்குச் சேர வேண்டிய பாராட்டில் பாதியை லினக்ஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாங்க வேண்டியவை மூன்று. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கைப் பொருத்த யுஎஸ்பி கேஸ் ஒன்று. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அரக்கோணத்திலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு நாள் லோக்கலில் சென்ட்ரல் போய் இறங்கி, ரிச்சி தெருவில் ஒரு நடை. டிஸ்க் மாற்றுவது லோகோவைக் கழற்றி மாட்டியவருக்குப் பெரிய வேலை இல்லை: சார்ஜரைப் பிடுங்கி, முழுவதும் அணைத்து, பின் மூடியின் திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் தெரியும். மூடிக்குள் பேட்டரி இருந்தால் அதன் இணைப்பையும் முதலில் எடுத்துவிடுங்கள். தயக்கமாக இருந்தால் கடைக்காரரிடமே கொடுங்கள். கண் முன்னால் மாற்றச் சொல்லி, பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

கழற்றும் முன் கல்யாணப் போட்டோவை இன்னொரு பிரதியும் எடுத்துவிடுங்கள். ஏழெட்டு வருடம் சுற்றிய ஹார்ட் டிஸ்க், லினக்ஸுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு நாள் தானாகவே நின்று போகலாம்.

விண்டோஸும் கூடவே இருக்கலாமா?

இருக்கலாம், அதைத்தான் டூயல் பூட் என்பார்கள். உங்கள் லேப்டாப்பே அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்க, விண்டோஸ் இருக்கும் பகுதியைச் சுருக்கி இடம் பிடிக்க வேண்டும். நான் சொன்ன அந்த ஆபத்தான திரையில் அதிக நேரம் நிற்க வேண்டிவரும். பிறகு விண்டோஸின் பெரிய அப்டேட் ஏதாவது வந்து பாயிண்டைத் தன் பக்கம் திருப்பிவிட்டால், அதைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். விண்டோஸ் பீரோவில் இருக்கட்டும்.

எஸ்எஸ்டி வாங்க இப்போது வசதிப்படாது என்றால் மட்டும் டூயல் பூட் பக்கம் போங்கள். போட்டோக்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, நிறுவும்போது 'விண்டோஸுக்கு அருகில் நிறுவு' என்ற தேர்வைக் கொடுங்கள்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் மிண்ட். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு. மிண்ட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. இடது கீழ் மூலையில் மெனு, கீழே டாஸ்க் பார் என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. எக்ஸ்எஃப்சிஇ இருப்பதிலேயே இலேசான பதிப்பு. 4 ஜிபி ரேமில் ஓடும். இன்னொரு ரேம் போட இடமிருந்து 8 ஜிபி ஆக்கினால் பிரவுசரில் பத்து பக்கம் திறந்தாலும் தாங்கும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பாஸையே மறுபடி போடலாமே என்று கேட்கலாம், தவறில்லை. ஆனால் புதியவருக்குச் சந்தேகம் வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். மிண்ட், உபுண்டு தெரிந்தவர்கள் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

பழைய டிஸ்க் லேப்டாப்பில் இருக்கும்போதே, மிண்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். சுமார் 3 ஜிபி. அதைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சிறு புரோகிராம் மூலம் எழுத வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

பென் டிரைவைச் செருகியபடி லேப்டாப்பை ஆன் செய்து, உடனே எஃப் 12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, ஏசர், டெல் மாடல்கள் பலவற்றில் இதுதான். ஹெச்பியில் எஃப் 9. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்போது பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், சில நிமிடத்தில் மிண்ட் முழுதாகத் திரையில் வந்து நிற்கும். இதற்கு 'லைவ்' என்று பெயர். இதுவரை டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காபி போட்டுக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் கூட்டுவது குறைப்பது எல்லாம் சரியா? பிரிண்டரைச் செருகிப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர் என்றால் தனி டிரைவர் போட வேண்டும். அது புதியவருக்குச் சற்றுத் தலைவலி, அக்கா மகனை அப்போது போனில் பிடியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாக இருக்கும். அதை வைத்து மிண்டை எடை போட வேண்டாம்.

வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம். செல்போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். அந்த நெட்டை வைத்து, நிறுவிய பின் 'டிரைவர் மேனேஜர்' மூலம் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் திருப்தி என்றால் அணைத்துவிட்டு, டிஸ்க்கை மாற்றுங்கள். மறுபடி பென் டிரைவில் தொடங்கி, திரையில் இருக்கும் 'மிண்டை நிறுவு' என்ற படத்தை இரண்டு முறை தட்டுங்கள். மொழி தமிழாகவும் இருக்கலாம். சந்தேகத்துக்கு உதவி தேடுவதற்கு, முதல் முறை ஆங்கிலமாக இருப்பது வசதி. 'மல்டிமீடியா கோடெக்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு வரும், டிஸ்க்கைப் பிரிக்கக் கேட்கும் அந்தத் திரையில், 'டிஸ்க்கை அழித்து மிண்டை நிறுவு' என்பதைத் தைரியமாகத் தேர்ந்தெடுங்கள். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. நேர மண்டலத்துக்கு கொல்கத்தா. பெயர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

தமிழ் டைப்பிங்

நீங்கள் என்எச்எம் ரைட்டர் பயன்படுத்துபவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது விண்டோஸுக்கானது. லினக்ஸில் ஐபஸ் என்ற முறை உண்டு. அதோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஆங்கில உச்சரிப்பில் அடிக்கும் ஃபொனெடிக், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் வரும். 'இன்புட் மெத்தட்' செட்டிங்ஸில் நிறுவலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்தியதுதான் தமிழ்99. மகன் இப்போதுதான் டைப் பழகுகிறார் என்றால் அதையே பழகச் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் வரும். சங்கத்தின் பழைய மனுக்கள் வானவில், பாமினி போன்ற யுனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், லினக்ஸில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள் குப்பை கொட்டியது போலத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை. அந்த எழுத்துரு ஃபைலைப் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால் மறுபடி தமிழாகத் தெரியும். புதிதாக எழுதுவதை யுனிகோடிலேயே எழுதுங்கள்.

முதல் மாதம்

புரோகிராம் வேண்டும் என்றால் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். இஎக்ஸ்இ ஃபைல் இங்கே ஓடாது. மெனுவில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' இருக்கிறது, பிளே ஸ்டோர் மாதிரி. 'டைம்ஷிஃப்ட்' என்ற வசதியை முதல் நாளே ஆன் செய்யுங்கள். ஏதாவது அப்டேட் கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்தைக் காக்கும், உங்கள் போட்டோவை அல்ல. 'இதைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டு' என்று யாராவது சொன்னால், அது என்ன செய்யும் என்று புரியாதவரை ஒட்டாதீர்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர், வரிசையாகப் படித்துச் செய்பவர் நீங்கள். சிக்கினால் கேட்கவும் இடம் இருக்கிறது. செங்கல்பட்டு லைனில் ஏறினால் வரும் காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. விழுப்புரத்திலும் ஒரு குழு உண்டு. 2012-லிருந்து வரும் 'கணியம்' இதழ் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. இவர்கள் எல்லாம் சம்பளம் வாங்காமல் செய்பவர்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

கடைசியாக, பீரோவில் வைக்கும் டிஸ்க்கின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, தேதி எழுதுங்கள். ஆறு மாதம் அதை மாட்ட வேண்டிய அவசியமே வரவில்லை என்றால், யுஎஸ்பி கேஸில் பொருத்திக் கல்யாண வீடியோ பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மிண்ட் அதைத் திறந்து காட்டும். புது எஸ்எஸ்டியில் ஒரே பாதைதான், ஆகவே க்ரப் பெரும்பாலும் முகம் காட்டாமல் வண்டியை விட்டுவிடும். என்றாவது ஒரு நாள் கறுப்புத் திரையில் நாலு வரி வந்து நின்றால், இந்த முறை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முதலில் அந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.